வியாழன் முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டு

சிறப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த இளம் விஞ்ஞான ஆசிரியர்கள், "சேர், உங்கடை அனுபவத்திலை இருந்து எங்களுக்கு நாலு புத்திமதி எழுதித் தாங்கோ" என்றார்கள். என் வாழ்நாளில் என்னிடம் புத்திமதி கேட்டு வந்த முதல் ஆட்கள் இவர்கள்தான். என்னோடு படிப்பித்தவர்கள் கேள்விப்பட்டால் வாங்கிலிருந்து விழுந்து சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பது நியாயம் என்பதை மேற்கொண்டு வாசித்தால் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

நீங்கள் இன்றைக்கு வகுப்புக்குள் போய் ஒரு பொத்தானை அமத்தினால் செவ்வாய்க் கிரகத்துக் கல்லெல்லாம் சுவரில் வந்து நிற்கிறது. பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். உங்களுக்கும் கொட்டாவி வருகிறது. கொட்டாவி விடுகிற வகுப்பைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருக்கிறது. என் வகுப்பில் ஒருவரும் கொட்டாவி விட்டதில்லை. அடுத்ததாக மாஸ்டர் எதை நாசமாக்கப் போகிறார் என்று கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மானிப்பாய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் பௌதிகம் படிப்பித்தேன். என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் படவில்லைகள், அதாவது மட்டைச் சட்டத்துக்குள் வைத்த சின்னப் பிலிம் படங்கள். விண்கலங்கள் போய் எடுத்த சனியின் வளையம், செவ்வாயின் சிவந்த மண், நெருப்பு நாக்கை நீட்டுகிற சூரியன், வியாழன், வியாழனின் சந்திரன்கள். என் மைத்துனர் கொழும்பில் ஒரு வெளிநாட்டு வாசிகசாலையில் வேலை பார்த்தவர். அங்கே கழித்து விட்டதை எடுத்து வைத்திருந்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டுக்கு நெருப்பு வைக்க வந்தபோது, மனைவியின் நகைப்பெட்டி என்று நினைத்து இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, அகதிக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அங்கேதான் பெட்டியைத் திறந்தாராம். "அக்கா, இதை இந்த வீட்டிலை வைச்சிருந்தால் நான் அடுப்பிலை போட்டிடுவன்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னாள். அப்படித்தான் சூரிய மண்டலம் என் கைக்கு வந்தது.

அந்தப் பெட்டியால் எனக்குக் 'கிரகம் பிடிச்ச மாஸ்டர்' என்று பெயர். வலிகாமத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேடையில் மங்கள விளக்கு, தேவாரம், வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினர் உரை. விருந்தினருக்கு விண்வெளி பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அதனாலேயே அவர் உரை மிக நீளமாக இருக்கும். எல்லாரும் களைத்த பிறகு நான் ஏறிச் சனியைக் காட்டுவேன். அதற்குள் முன்வரிசை சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.

முதலில் யூரோப்பாவை நான் கொலை செய்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்றது அதிலிருந்துதான் வருகிறது.

எங்கள் மார்கழி மழைக்குப் பிலிமில் பூஞ்சணம் பிடிக்கும். ஈரம் இழுக்கட்டும் என்று பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பேன். சோற்றில் ஒருமுறை புதன் கிரகம் கிடந்ததாக மனைவி சொல்வது பொய். அது மட்டைச் சட்டம் மட்டும்தான். ஒரு மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறந்தால், யூரோப்பா என்ற சந்திரன் முழுக்க மயிர் மயிராகக் கோடுகள். எனக்குப் பதறிவிட்டது. ஆய்வுகூடத்து ஸ்பிரிற்றில் பஞ்சைத் தோய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, பக்குவமாகத் துடைத்தேன். கோடுகள் போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். போய்விட்டன. அவற்றோடு யூரோப்பாவும் போய்விட்டது.

பக்கத்து மேசையில் இருந்த வத்சலா ரீச்சர் எட்டிப் பார்த்தா. விலங்கியல் படிப்பித்தவ, நுணுக்குக்காட்டிக்குள்ளேயே பாதி நாளும் கண்ணை வைத்திருப்பா.

"என்ன மாஸ்டர், என்னத்தைத் துடைக்கிறியள்?"

"பூஞ்சணம்."

பஞ்சு படாத ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னா: "பங்கசு கிளை விட்டுப் படரும் மாஸ்டர். இப்பிடி நேர்க்கோடு கீறாது. உது அந்தச் சந்திரன்ரை வெடிப்பு. ஐஸ் வெடிப்பு."

ஒரு விண்கலம் அவ்வளவு தூரம் போய் எடுத்து அனுப்பிய சந்திரனைப் பஞ்சால் துடைத்து அழித்த ஒரே ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். ஆசிரியர் அறையில் கணித மாஸ்டர் ஒரு மாதம் என்னை விடவில்லை. "அண்ணை, கரும்பலகையைத் துடையுங்கோ, காணும். வானத்தை விட்டிடுங்கோ." அன்றைக்கு ஒரு சத்தியம் செய்தேன்: இனிமேல் எந்தப் படவில்லையையும் துடைப்பதில்லை. மடையனுக்கு ஒரு பாடம் கிடைத்தால் அதையும் மடைத்தனமாகத்தான் படிப்பான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு யுத்தத்தோடு மின்சாரம் போனது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. பற்றரிக்குத் தடை. புரொஜெக்டர் வெறும் இரும்பாகிவிட்டது. எங்களுக்கு என்னென்ன வரக்கூடாது என்று பட்டியல் போட்ட கொழும்புப் புத்திசாலிகள் சூரியனைத் தடை செய்ய மறந்துவிட்டார்கள். ஆய்வுகூடத்துக் கிழக்கு யன்னலைச் சாக்கால் மூடி, ஒரு துவாரம் விட்டேன். வெளியே ஒரு கண்ணாடி. அது அதிபர் வீட்டு அலுமாரிக் கதவிலிருந்து கழற்றியது. அதிபரின் மனைவி அதன் பிறகு என்னைக் கண்டால் கதைப்பதில்லை. கண்ணாடி வெயிலைத் துவாரத்துக்குள் அனுப்பும். உள்ளே பழைய புரொஜெக்டரின் வில்லைகள் அதைப் பிடித்துப் படத்துக்கூடாக விடும். எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் சனி வளையத்தோடு வந்து நிற்கும். செத்த புரொஜெக்டரில் பார்த்ததைவிட வடிவாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இரண்டு சிக்கல். ஒன்று, சூரியன் நகரும். வெளியே ஒருவர் நின்று கண்ணாடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் பியோன் அந்த வேலையைச் செய்வார். இரண்டு, அந்த வெயில் சும்மா வெயில் இல்லை. ஒரு படத்தை ஒரு தேவாரம் பாடி முடிக்கிற நேரத்துக்கு மேல் வைத்தால் பிலிம் கருகிவிடும். ஆகவே நான் மனதுக்குள் தேவாரம் பாடிப் பாடித்தான் கிரகங்களை மாற்றுவேன். முகத்தைப் பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்திருப்பார்கள்.

தொண்ணூற்றுநாலு ஆடியில் ஒரு வால்வெள்ளி துண்டு துண்டாகப் போய் வியாழனில் மோதியது. எங்களுக்கு அது றேடியோவில் வந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து றேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி நின்றுவிடும். அப்படித்தான் பலபேர் பாதிச் செய்தி கேட்டார்கள்: வியாழனில் பெரிய அடி, கறுப்புத் தழும்பு. மிச்சத்தை அவரவர் வீட்டில் நிரப்பிக்கொண்டார்கள். வியாழன் என்றால் எங்கள் ஆட்களுக்குக் குரு பகவான். மருதனார்மடம் சந்தையில் மரக்கறி விற்பவரிலிருந்து வாங்குபவர் வரை குருவின் உடல்நிலையைப் பற்றியே கதை. அதுவரை கிரகம் என்றால் கொட்டாவி விட்ட சனம்!

அந்தக் கதை வத்சலா ரீச்சரின் கலியாணத்தில் போய் முட்டியது.

அவவுக்குச் சண்டிலிப்பாயில் ஒரு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். குமரன் என்று பெயர். ஒரு நில அளவையாளரிடம் உதவியாள். தகப்பன் இல்லை, புகையிலைத் தோட்டம் செய்கிற பெரியப்பாதான் வளர்த்தவர். அவர் வாயில் வருவதுதான் தீர்ப்பு. கலியாணம் முன்னமே இரண்டு தரம் தள்ளிப்போனது. ஒருமுறை குண்டுவீச்சால், ஒருமுறை செத்தவீட்டுத் துடக்குத் தீட்டால். இப்போது ஆவணியில் நாள் வைத்திருந்த நேரத்தில் பெரியப்பா சொல்லிவிட்டார்: "அடிபட்ட குரு என்ன பலன் குடுப்பார்? அடுத்த குரு மாற்றம் வருமட்டும் பொறுப்பம்."

வத்சலா ரீச்சர் என் மேசைக்கு வந்து நின்றா.

"மூண்டாம் தரமும் தள்ளினால் ஊர் என்ன சொல்லும் எண்டு உங்களுக்குத் தெரியும் மாஸ்டர். எனக்கு வயசும் முப்பத்தைஞ்சு. இது போனால் போனதுதான்."

"நான் என்ன பிள்ளை செய்ய?"

"உங்கடை சனிக்கிழமைக் காட்சிக்கு அவையளைக் கூப்பிட்டிருக்கிறன். வியாழனைக் காட்டுங்கோ. ஆள் எவ்வளவு பெரிய ஆள் எண்டு கண்ணாலை கண்டால் பெரியப்பா அடங்குவார்."

நானும் நெஞ்சை நிமிர்த்தி ஓம் என்றேன். எனக்கு அந்த நெஞ்சு நிமிர்த்துகிற வியாதி சின்ன வயதிலிருந்தே உண்டு.

சனிக்கிழமை காலை பெட்டியைத் திறந்தால், வியாழன் முகத்தில் ஒரு கறுப்புப் பொட்டு. குண்டூசித் தலை அளவுதான். பூஞ்சணம் என்பதில் சந்தேகமே இல்லை. இந்தமுறை கிளை கூட விட்டிருந்தது. ஈரப்பஞ்சால் மெதுவாக ஒருமுறை தொட்டால் போயிருக்கும். ஆனால் நான் சத்தியம் செய்தவனல்லவா? குண்டூசித் தலைதானே, யார் கவனிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். குண்டூசித் தலையை வேட்டி அளவுக்குப் பெருப்பிப்பதற்காகவே ஒரு கருவியைக் கட்டி வைத்திருக்கிற பௌதிக மாஸ்டர் இப்படி நினைத்தார் என்பதைத் தயவு செய்து அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

அன்றைக்கென்று பியோன் மண்ணெண்ணெய் வரிசையில் நின்றார். கண்ணாடி பிடிக்க ஆளில்லை. மாப்பிள்ளை எழும்பினார்.

"நான் பிடிக்கிறன் மாஸ்டர். அளவைக்கோல் பிடிக்கிறதுதானே என்ரை தொழில்."

"வெளிச்சம் அந்தத் துவாரத்தை விட்டு அசையக்கூடாது தம்பி. நான் 'காணும், நிப்பாட்டும்' எண்டு சொல்லுமட்டும் பிடியும்."

காட்சி தொடங்கியது. அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை. பியோன் பிடிக்கும்போது கை தளும்பும், வெளிச்சம் வந்து வந்து போகும். மாப்பிள்ளையின் கை மயிரிழை அசையவில்லை. சனிக்குச் சனம் கைதட்டியது. சூரியனை ஒரு அம்மா கும்பிட்டா. பெரியப்பா முன் வாங்கில் சால்வையோடு, பரிசோதிக்க வந்த கல்விப் பணிப்பாளர் மாதிரி இருந்தார். நான் வியாழனைப் போட்டேன்.

வேட்டி முழுக்க வியாழன். பட்டி பட்டியாக மேகம், பெரிய சிவப்புக் கண். அந்தக் கண்ணுக்குப் பக்கத்தில், தேங்காய் அளவில், கன்னங்கரேலென்று ஒரு பொட்டு.

"உதென்ன?" என்றது இருட்டு.

"ஐயோ, முகத்திலை அடி!"

பெரியப்பா எழும்பினார். "நான் சொன்னனான் எல்லோ!"

"ஐயா, இருங்கோ. உது பூஞ்சணம்."

"குருவிலை பூஞ்சணம் பிடிக்குமோ?"

"குருவிலை இல்லை ஐயா, படத்திலை."

"அடி விழுந்தது எண்டு றேடியோ சொல்லுது. விழுந்த இடம் எனக்குத் தெரியுது. நீர் பூஞ்சணம் எண்டுறீர்."

எனக்கு நெருக்கடி வந்தால் நாக்கு நீளும். அதுவும் ஒரு வியாதி. படம் எழுபத்தொன்பதில் எடுத்தது, வால்வெள்ளி போன மாதம் மோதியது, படத்துக்கு எப்படித் தெரியும் என்று தொடங்கி, விண்கலம், மேகம், ஈர்ப்பு என்று முழுப் பாடத்தையும் எடுத்தேன். ஒருவரும் கேட்கவில்லை. படத்தை இன்னும் மாற்றவில்லை என்பதை நானும் மறந்துவிட்டேன். தேவாரம் எப்போதோ முடிந்து, பதிகமே முடிந்திருக்கும்.

பெரியப்பா கையை உயர்த்தினார். "மாஸ்டர், பாடம் வேண்டாம். ஒரு சொல்லிலை சொல்லும். உண்மையிலை குருவிலை அடி விழுந்ததோ, இல்லையோ?"

அதிபர் செருமினார். அது 'இல்லை என்று சொல்லித் தொலை' என்ற செருமல். இருபது வருடம் அவரோடு வேலை செய்தவனுக்கு விளங்கும். வத்சலா ரீச்சர் வேட்டிக்குப் பக்கத்தில் நின்றா. வியாழனின் வெளிச்சம் பாதி முகத்தில். அவ தலையை இப்படியும் ஆட்டவில்லை, அப்படியும் ஆட்டவில்லை. ஒரு 'இல்லை' சொன்னால் கலியாணம் நடக்கும் என்று எனக்குத் தெரியும். தொண்டை வரை வந்துவிட்டது. இவ்வளவு வருடம் எத்தனையோ பிழையைச் சரியென்று நம்பிப் படிப்பித்திருக்கிறேன். ஆனால் பிழை என்று தெரிந்துகொண்டு சொல்லிப் பழக்கமில்லை. வராத பழக்கம் அன்றைக்கு வர மறுத்தது.

"விழுந்தது ஐயா" என்றேன். "இந்தப் படத்திலை இல்லை. ஆனால் விழுந்தது. தழும்பும் இருக்கு. எங்கடை பூமியைத் தூக்கி உள்ளுக்கை வைக்கலாம், அவ்வளவு பெரிய தழும்பு. வியாழனுக்கு அது நுளம்புக்கடி."

அதிபரின் செருமல் நின்றுவிட்டது. அப்போதுதான் ஒரு மணம் வந்தது, பிளாஸ்ரிக் கருகுகிற மணம்.

வேட்டியில் அந்தக் கறுப்புப் பொட்டு மெல்ல அசைந்தது. கறுப்புத்தான் வெயிலை அதிகம் குடிக்கும் என்று எட்டாம் வகுப்பில் படிப்பிக்கிறவன் நான். பொட்டு மண்ணிறமாகிப் பரவியது. வியாழனின் மேகப் பட்டிகள் கொதிக்கிற கூழ் மாதிரிக் குமிழி விட்டன. சிவப்புக் கண் உருகி வழிந்தது. நடுவில் ஒரு ஓட்டை விழுந்து, அதற்குள்ளால் வெள்ளை வெளேரென்று சூரியன் வந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குரு பகவான் எரிந்து முடிந்தார்.

"ஐயோ குருவே!" என்று பின்னால் ஒரு குரல். இன்னொரு குரல், அது கணித மாஸ்டர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை: "தாலிப் பொன்னுருக்குக்கு முன்னம் குருவை உருக்கிப் போட்டாங்கள்!"

நான் கையில் கருகிய மட்டையோடு நின்றேன். 'காணும்' என்று கத்த வேண்டியவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். வத்சலா ரீச்சர்தான் கதவைத் திறந்து வெளியே போனா. சாக்கு மூடிய யன்னலுக்கு அந்தப் பக்கம் அவர்கள் கதைப்பது துவாரத்துக்கூடாக முழு ஆய்வுகூடத்துக்கும் கேட்டது. பெண் பார்த்த அன்றைக்குப் பெரியவர்கள் முன்னால் அவ பலகாரம் கொடுத்ததைத் தவிர, அந்த இரண்டு பேரும் அதுவரை ஒரு சொல் கதைத்ததில்லை.

"இன்னும் பிடிச்சுக்கொண்டோ நிக்கிறியள்?"

"மாஸ்டர் காணும் எண்டு சொல்லேல்லை."

"காணும்."

"சரியாப் பிடிச்சனானோ?"

"நல்லாப் பிடிச்சனீங்கள். வியாழன் எரிஞ்சு போச்சு."



"பெரியப்பா எங்கை?"

"முன் வாங்கிலை."

"பாத்தவரோ?"

"ஓம். முழுக்கப் பாத்தவர்."

படமில்லாத வெறும் வெளிச்சம் வேட்டியில் வட்டமாக நின்றது. அவ்வளவு நேரமும் மயிரிழை அசையாத வெளிச்சம். இப்போது அது நடுங்கத் தொடங்கியது. முதலில் ஓரம், பிறகு முழு வட்டமும் துள்ளியது. மேலே போய்க் கூரையைத் தொட்டு, கீழே வந்து பெரியப்பாவின் சால்வையில் குதித்தது. சிரிப்புச் சத்தம் பிறகுதான் கேட்டது. கண்ணாடி பிடித்த கை சிரித்ததை நாங்கள் எல்லாரும் முதலில் வேட்டியில் கண்டோம். அதற்குப் பிறகு அவவின் சிரிப்பும் வந்தது. ஆசிரியர் அறையில் இத்தனை வருடம் கேட்காத சிரிப்பு.

பெரியப்பா அந்தத் துள்ளுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"மாஸ்டர், கண்ணாடி பிடிச்சது எங்கடை பொடியன்தானே?"

"ஓம் ஐயா."

"குருவையே எரிச்சவனுக்கு நான் இனி என்ன குரு பலன் பாக்கிறது?" சால்வையை உதறித் தோளில் போட்டார். "ஆவணியிலையே வைப்பம். அதோடை ஒண்டு. நீர் இல்லை எண்டு சொல்லியிருந்தால் நான் எழும்பிப் போயிருப்பன். அண்டைக்கு றேடியோவுக்குப் பெடல் சுத்தினவன் நான்தான். முழுச் செய்தியும் கேட்டனான்."

ஆவணியில் கலியாணம் நடந்தது. பந்தியில் பெரியப்பா என்னை எல்லாருக்கும் அறிமுகம் செய்து வைத்தார்: "இவர்தான் அந்த மாஸ்டர். அடுப்புப் பக்கம் விடாதையுங்கோ."

புத்திமதி கேட்டீர்களே, இதிலிருந்து பொறுக்கிக்கொள்ளுங்கள். வாய் திறப்பதற்கு முன் படத்தை வெளியே எடுங்கள். உங்களிடம் நேராக ஒன்றைக் கேட்கிறவனுக்குப் பாதி விடை முன்னமே தெரியும். அவன் சோதிப்பது கிரகத்தை அல்ல, உங்களை. மற்றது, ஒரு கறையைக் கண்டால் அது கிரகத்திலா படத்திலா என்று முதலில் பாருங்கள். இந்தக் கடைசி விஷயத்தில் என்னை நம்ப வேண்டாம். இரண்டு பக்கமும் பிழைவிட்டவன் நான்.

அடுத்த வருட ஐப்பசியில், சண்டைக்குப் பயந்து, ஊரே மூட்டை முடிச்சோடு தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நெரிசலில் தகரப் பெட்டி எங்கே போனதென்று தெரியாது. வத்சலா ரீச்சரும் குமரனும் இப்போது கனடாவில். பேரப்பிள்ளைகளும் உண்டு. போன மாதம் அவ என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தா. புது விண்கலம் ஒன்று எடுத்த வியாழன். நான் கருக்கியதைவிட எத்தனையோ மடங்கு வடிவு. தழும்பெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் மேகப் பட்டியின் நடுவில், வட்டமாக, கன்னங்கரேலென்று ஒரு பொட்டு.

போன் கண்ணாடியில் ஏதோ அழுக்கு என்று வேட்டித் தலைப்பை எடுத்தேன். தேய்க்கப் போகிற நேரம், படத்துக்குக் கீழே அவ எழுதியிருந்தது கண்ணில் பட்டது.

"மாஸ்டர், அது யூரோப்பாவின்ரை நிழல். துடைச்சுப் போடாதேங்கோ."